ஒத்த ரிங்கு

அம்சவள்ளியின் போன் நம்பர் பாகூர் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு ஊருக்கு மனப்பாடம். நாற்றுப் பறிக்க, நட, களையெடுக்க ஆள் வேண்டுமென்றால் கழனிக்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தன் செட்டுப் பெண்களைக் கூப்பிடுவாள். கூப்பிடுவாள் என்றால் பேசமாட்டாள். ஒத்த ரிங்கு விட்டுக் கட் பண்ணினால் வேலை உண்டு, விடிந்ததும் ஏரி மதகாண்டை வந்துவிடு என்று அர்த்தம். விட்டு, கட் பண்ணி, மறுபடியும் ஒன்று விட்டால் வேலை இல்லை, வராதே. சாயங்காலம் ரெண்டு விட்டிருப்பாள். மழை வெறித்துக் கழனிக்காரர் மனசு மாறினால் விடிகாலையில் ஒத்தது விடுவாள். அப்போது முன்னால் வந்தது செல்லாது. பின்னால் வந்ததுதான் கணக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. போனை எடுத்து "அலோ" என்று சொல்கிறவள் செட்டுக்குப் புதுசு. அவளை அன்றைக்குப் பூராவும் கேலி பண்ணியே அழவைத்துவிடுவார்கள்.

செட்டில் ஊர்ப் பெண்களும் உண்டு, காலனிப் பெண்களும் உண்டு. சேற்றில் ஒரே வரிசையாகக் குனிந்து ஒரே வாய் பேசிக்கொண்டு நடுவார்கள். சோறு தின்னக் கரையேறினால் மட்டும் வரப்பு வேறு வேறு. ஊர்ப் பெண்கள் வாய்க்கால் பக்கத்து வரப்பில், காலனிப் பெண்கள் எதிர் வரப்பில். அம்சவள்ளி இத்தனை வருஷமாக அதைப் பார்த்தும் பார்க்காமல் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தவள்தான். அவள் மகள் சுவேதா காலனிப் பையன் டேனியலோடு போன பிறகுதான் அந்த எதிர் வரப்பு அவள் கண்ணுக்குப் பட ஆரம்பித்தது. பட்டு என்ன, இடம் மாறி உட்காரவா போகிறாள்?

சேற்றில் இறங்கினால் கை போனைத் தொடாது. மழைக்குப் பயந்து அதை அணைத்து, பாலிதீன் கவரில் சுருட்டி, தூக்குச்சட்டியோடு வரப்பில் வைத்துவிடுவாள். "எப்பப் பாத்தாலும் சுவிச் ஆஃப்" என்று கழனிக்காரர்கள் சலித்துக்கொண்டு வேறு செட்டைப் பிடித்தார்கள். மதகடிப்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கிற பையன்தான் அதற்கு வழி சொன்னான்.

"வாய்ஸ் மெயில் போட்டுத் தரேன்க்கா. நீ எடுக்கலன்னா அவங்க பேசறது டப்பாவுல போய் வுழுந்துடும். கரையேறன அப்பறம் நீ அடிச்சிக் கேட்டுக்க. ரகசிய நம்பரு ஒண்ணு போடலாம். போடட்டுமா?"

"ரேஷன் கார்டு நம்பரே எனக்கு ஞாபகம் இல்ல. இதுக்கு வேற ஒண்ணா?"

"போடலன்னாலும் பரவாயில்ல. ஒன் நம்பருல இருந்து அடிச்சா தானா தொறந்துக்கும். வேற நம்பருக்குத் தொறக்காது."

"அப்பறம் இன்னாடா? என் போனு என் இடுப்புலதான இருக்குது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. செட்டுப் பெண்களுக்கு அது டப்பா. "டப்பாவுல எதனா வுழுந்துதாக்கா?" என்று கரையேறும்போதெல்லாம் கேட்பார்கள்.

சுவேதா ஆடி மாசத்தில் போனாள். மதகடிப்பட்டில் ஒரு மருந்துக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். டேனியல் அந்தக் கடைக்கு மருந்துப் பெட்டி இறக்கும் வேன் ஓட்டியவன். பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அய்யனார், அதாவது அம்சவள்ளியின் புருஷன், மகள் செத்துவிட்டாள் என்று சொல்லி ஏரியில் போய்த் தலை முழுகிவிட்டு வந்தான். முழுகினதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மகன் எழிலரசன் விடவில்லை. அவனுக்குப் புதுச்சேரியில் ஒரு ஆபீசில் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. கடனை வாங்கிவிட்டுத் தவணை கட்டாதவர்களைப் போனில் கூப்பிட்டு அவமானப்படுத்துகிற வேலை அது. வீட்டில் கேட்டால் கஸ்டமர் கேர் என்பான்.

அம்மாவின் போன் எந்நேரம் அணைந்திருக்கும் என்று சுவேதாவுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து அடித்து டப்பாவில் பேசி வைப்பாள். அங்கே குளிர், தண்ணீர் சப்பென்று இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி தெலுங்கு பேசுகிறாள், நீ மருந்து சாப்பிடுகிறாயா. அம்சவள்ளி சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்பாள். கேட்டு முடித்ததும் அழிக்கட்டுமா என்று ஒரு பெண் குரல் கேட்கும். இவள் கட் பண்ணிவிடுவாள். பெற்றவளால் அந்தக் குரலை எப்படி அழிக்க முடியும்? ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் மகள் பேசினது எல்லாம் அப்படியே டப்பாவில் கிடந்தது.

ஐப்பசியில் நடவு மும்முரம். விட்டு விட்டு மழை. தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நட்டுவிட்டு, அந்தச் சனிக்கிழமை கரையேறிக் கேட்டபோது சுவேதாவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"எம்மா... நாலு நாளா சோத்தப் பாத்தாலே ஓங்கரிக்குது. டெஸ்ட் பண்ணிட்டேன். ஆமாம்மா. எனக்கு ஒன்னப் பாக்கணும்போல இருக்குது. செவ்வாக்கெழம டேனியலு புதுச்சேரிக்கு லோடு ஏத்திகினு வருது. நானும் கூட வரேன். மதகடிப்பட்டு சந்தையில கருவாட்டுக் கடையாண்ட நிக்கறேன். ஒனக்குத் தோதுன்னா ஒத்த ரிங்கு வுடு. இல்லன்னா ரெண்டு வுடு. பேசாத, பக்கத்துல அண்ணன் இருப்பான். ஒன் கையால செஞ்ச சுண்டவத்தக் கொழம்பு இருந்தா கொஞ்சம் எத்துகினு வாம்மா."

அம்சவள்ளிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதிர் வரப்பிலிருந்து தனக்கொடி பார்த்துவிட்டாள். தனக்கொடி காலனிக்காரி, டேனியலுக்கு ஒன்றுவிட்ட அத்தை.

"இன்னாக்கா, நல்ல சேதியா?"

"நல்ல சேதிதான்டி. நல்ல சேதிதான் எனக்கு பயமா இருக்குது."

சந்தையில் ஊர்க்காரன் எவனாவது ஒருத்தன் இருக்காமல் போகமாட்டான். செவ்வாய்க்கிழமை மாடு பிடிக்கவும் விற்கவும் அந்தப் பக்கத்து ஆம்பிளைகள் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். போகலாமா, வேண்டாமா என்று ஞாயிறு பூராவும் மனசு அடித்துக்கொண்டது. சுண்டைவற்றலைக்கூட எடுத்து முறத்தில் போட்டாள். மறுபடியும் வற்றல் டப்பாவிலேயே அள்ளிப் போட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் நின்று ஒன்று விட்டாள், கட் பண்ணினாள், இன்னொன்று விட்டாள். வராதே.

செவ்வாய்க்கிழமை பெரிய கழனியில் நடவு. பொழுது உச்சிக்கு வந்த நேரம் தனக்கொடியின் போன் வரப்பில் அடித்தது. விடாமல் அடித்தது. தனக்கொடி சேற்றுக்கையோடு ஓடிப்போய் எடுத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"அக்கா, பிரிட்டோ பேசறான். டேனியலோட அண்ணன். சந்தையாண்ட டேனியல நாலஞ்சி பேரு சேந்து அடிச்சிப் போட்டுட்டாங்களாம். தாட ஒடஞ்சிபோச்சாம். ஆஸ்பத்திரிக்கு எத்துகினு போறாங்க."

"சுவேதா? அவ வரலதான? அவள நான் வராதன்னு..."

"அவள கார்ல இட்டுகினு பூட்டாங்களாம்க்கா. ஒன் பையன்தான்."

"ரெண்டு ரிங்கு வுட்டேனேடி!" என்றாள் அம்சவள்ளி. அதையே சொல்லிக்கொண்டு, வரப்பில் இருந்த போனை எடுத்து இடுப்பில் செருகி, நாற்றுமுடியைக் கையில் வைத்தபடி ஓடினாள்.

வீட்டில் நெல்மூட்டை அடுக்கும் அறைக்கு வெளியே புதுப் பூட்டு தொங்கியது. வாசலில் அய்யனார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எழிலரசன் கை முட்டியில் தோல் உரிந்திருந்ததற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். சாவியை அவனே எடுத்து நீட்டினான். சாவியைக் கொடுக்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சுவேதா மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. ரெண்டு கையும் வயிற்றின் மேல்.

"சுவேதா..."

"எதுக்கும்மா கூப்ட்ட?"

"நான் கூப்புடலடி. வராதன்னு ரெண்டு வுட்டேன்டி!"

"சாயந்தரம் ரெண்டு வுட்ட. விடியக்காலையில ஒத்தது வுட்ட. பின்னால வர்றதுதான் கணக்குன்னு நீதான சொல்லிக் குடுத்த? பள்ளிக்கூட லீவுல ஒன்கூட நாத்துமுடி தூக்க வந்தப்ப நீதான சொல்லிக் குடுத்த?"

"சத்தியமா நான் வுடல. என் தாலி மேல சத்தியம்."

"'அம்மா'ன்னு வந்துச்சி. ஒன் போட்டோவோட வந்துச்சி. டேனியலு வேணாம்னுதான் சொல்லிச்சி. நான்தான், எங்க அம்மா மனசு கேக்காம கூப்புடுதுன்னு அழுதுகினு அத இட்டுகினு வந்தேன். அது மூஞ்சப் பாத்தியா நீ? வாயில இருந்து ரத்தமா ஊத்துது."

அம்சவள்ளி இடுப்பிலிருந்து போனை எடுத்து ஆன் பண்ணி அவள் கையில் திணித்தாள். "நீயே பாரு. படிச்சவதான நீ? நான் வுட்டது ரெண்டுதான் இருக்கும்."

சுவேதா பார்த்தாள். ரெண்டுதான் இருந்தது. ஒரு நிமிஷம் அவள் முகம் இளகினது போலத் தெரிந்தது.

"அழிச்சிட்டுக் குடுத்திருக்கான்."

"எனக்கு அழிக்கத் தெரியாதுடி."

"அவனுக்குத் தெரியும்." போனைத் தரையில் வைத்தாள். "கருவாட்டுக் கடைன்னு அவனுக்கு எப்டிம்மா தெரிஞ்சிது? நேரா அங்க வந்து நின்னான். நான் வர்றத அதோட அண்ணனுக்குக்கூட சொல்லல. ஒன் டப்பாவுல மட்டுந்தான் சொன்னேன். டப்பாவ யாரு கேப்பா?"

"நான்தான் கேப்பேன். என் நம்பருல இருந்து அடிச்சாதான் அது தொறக்கும். வேற யாருக்கும் தொறக்காதுடி."

மகளுக்கு உண்மையைச் சொல்கிறோம் என்று வேகமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கியது. சுவேதா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை.

பொழுது சாய பிரிட்டோ கொடுத்த புகாருக்கு ஸ்டேஷனிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். எழிலரசன் நாற்காலி போட்டு, டீ வாங்கிவந்து கொடுத்து, தங்கச்சியின் போனைத் திறந்து காட்டினான். "எங்க அம்மா கூப்ட்டாங்க சார், பொண்ணு தானா வந்துச்சி. அந்தப் பையன் குடிச்சிட்டு சந்தையில யார்கிட்டயோ வம்பு பண்ணியிருக்கான். தங்கச்சி காய்ச்சல்ல தூங்குது."

வந்தவர்களில் பெரியவர் அம்சவள்ளியைக் கூப்பிட்டார். "இது உன் நம்பர்தான?"

"என் நம்பருதாங்க. ஆனா நான்..."

"உன் நம்பரா, இல்லையா?"

அய்யனார் எழுந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"என் நம்பருதாங்க."

"அம்மா கூப்ட்டு பொண்ணு வந்ததுக்கு ஒரு கேஸா?" என்று சிரித்துவிட்டு அவர்கள் டீயைக் குடித்துமுடித்துக் கிளம்பினார்கள்.

எழிலரசன் சாப்பிட உட்கார்ந்தான். காலையில் வைத்த வாளைக்கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காயைத் தனியாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தான். சின்ன வயசிலிருந்து அவனுக்கு அது ஆகாது. அம்சவள்ளி கரண்டியோடு அவன் எதிரில் நின்றாள்.

"எப்டிடா தெரிஞ்சிது ஒனக்கு?"

அவன் இடது கையால் தன் போனை எடுத்து என்னமோ தட்டினான். அவள் இடுப்பில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். எழுத்து அவளுக்குத் தகராறு. ஆனால் எண் தெரியும். அதிலும் இந்தப் பத்து எண்ணும் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவள் நம்பரிலிருந்து அவளுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஆபீஸ்ல இதான்ம்மா வேல. எங்க நம்பருன்னா எவனும் எடுக்கமாட்டான். அவன் மாமியா நம்பரு, தம்பி நம்பருன்னு போட்டு அடிச்சா ஒடனே எடுப்பான். எவன் நம்பர வேணா போடலாம்." ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டான். "கழனியில குந்திகினு எப்பப் பாத்தாலும் போனக் காதுல வச்சிருக்கியேன்னு ஒரு சந்தேகம். ஒன் நம்பரப் போட்டு டப்பாவுக்கு அடிச்சேன். யாரு எவருன்னு ஒரு வார்த்த கேக்கல. அப்பிடியே தொறந்துகினுது. ஆடி மாசத்துல இருந்து எல்லாம் வரிசையா இருந்துச்சி. தண்ணி சப்புனு இருக்குது, பக்கத்து வூட்டுக்காரி தெலுங்கு பேசறா. கேட்டு கேட்டு காதே வலிச்சிப்போச்சி."

"டேய்..."

"ஒரு ரகசிய நம்பரு போட்டிருந்தீன்னா நான் அங்கியே நின்னுருப்பேன். ஒத்த ரிங்கும் அப்பிடித்தான். நல்லவேள, நீங்க பேசறதில்ல. பேசற வழக்கம் இருந்துதுன்னா எனக்கு ஒன் கொரலுக்கு எங்க போறது?"

வளர்த்த பிள்ளை கருவாட்டு முள்ளை நாக்கால் தள்ளிக்கொண்டே இதைச் சொன்னான். அம்சவள்ளி உட்கார்ந்து அவன் காலைப் பிடித்தாள்.

"அவகிட்ட சொல்லுடா. நீதான் பண்ணன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடுடா. அவ என் மூஞ்சியப் பாக்கமாட்டன்றா."

"சொன்னா ஒன்ன நம்புவா. நம்புனா நீ எதனா வேல பண்ணுவ." காலை மெதுவாக உருவிக்கொண்டான். "வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம். பேசியாச்சி. அந்தச் சனியன் வயித்துல இருக்கக்கூடாது. அவகிட்ட செக்கப்புன்னு சொல்லியிருக்குது. அது முடிஞ்சா நெட்டப்பாக்கத்து மாமா ஒரு எடம் பாத்து வச்சிருக்காரு. நாளைக்கு மத்தியானம் நானும் அப்பாவும் போய்ப் பேசிட்டு வந்துடறோம்."

"சாவி..."

"ஒங்கிட்டயே இருக்கட்டும். அவளுக்குச் சோறு போடணும்ல?" கையைக் கழுவிக்கொண்டு சிரித்தான். "தொறந்து வச்சாலும் அவ ஒன்கூட வரமாட்டா. அதான் எனக்கு நிம்மதி."

புதன்கிழமை விடிந்ததும் அம்சவள்ளி கழனிக்குப் போனாள். வேலைக்கு அல்ல. சோறு தின்னும் நேரத்துக்குக் காத்திருக்கவில்லை; நேராக எதிர் வரப்புக்குப் போய், சேற்றில் இறங்குமுன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தனக்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். காலனிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப வந்து ஒக்கார்றியாக்கா?" என்றாள் தனக்கொடி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அம்சவள்ளி அதை வாங்கிக்கொண்டாள். "பிரிட்டோவ வரச் சொல்லுடி. உச்சிக்கு வூட்டுல யாரும் இருக்கமாட்டாங்க. எங்க வூட்டுப் பின்னால கரும்பு ஓரமா பைக்க வச்சிகினு நிக்கட்டும். நான் அவள இட்டாந்து வுட்டுடறேன். நாளைக்கு அவ வயித்தக் கலைக்கப் போறாங்கடி."

தனக்கொடி தன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஏற்கெனவே ஒருத்தன் வாயக் கட்டிகினு படுத்திருக்கான். பிரிட்டோவுக்கு ரெண்டு புள்ள இருக்குதுக்கா. அவனும் மாட்டுனா?"

"நான் கூப்புடறேன்டி. என் வாயால கூப்புடறேன்."

"வருவான்" என்றாள் தனக்கொடி கடைசியில். "அவனும் கடைசி வரைக்கும் இந்தக் கல்யாணம் வேணாம்னுதான் சொன்னான். ஆனா வருவான்."

உச்சி வேளைக்கு மழை விட்டிருந்தது. அய்யனாரும் எழிலரசனும் காரில் நெட்டப்பாக்கம் போனதைத் தெருமுனை வரைக்கும் பார்த்துவிட்டு வந்து அம்சவள்ளி பூட்டைத் திறந்தாள். சோற்றுத் தட்டு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது.

"எழுந்திரு. பின்பக்கமா போயிடலாம். கரும்போரம் பிரிட்டோ நிக்கறான். சீக்கிரம்."

சுவேதா எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு செக்கப்பு இல்லடி. கலைக்கறதுக்கு இட்டுகினு போறாங்க."

"அப்பிடியா?"

"ஒங்க அண்ணன்தான்டி எல்லாம் பண்ணான். அவன் ஆபீஸ்ல ஒரு வேல இருக்குது. யாரு நம்பர வேணா போட்டு அடிக்கலாமாம். நேத்து எனக்கே என் நம்பருல இருந்து அடிச்சிக் காட்டுனான். டப்பாவையும் அப்பிடித்தான் தொறந்து கேட்டிருக்கான். நான் ரகசிய நம்பரு போடல, அது என் தப்பு. ஒத்த ரிங்கு அவன் வுட்டதுடி. நான் இல்ல."

அந்த அறையில் அம்சவள்ளி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சுவேதா அதை முழுசாகக் கேட்டாள். மருந்துக் கடையில் சீட்டைப் படிப்பாளே, அப்படி நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப ஒன் நம்பருன்னு வந்தது ஒன் நம்பரு இல்ல."

"இல்லடி கண்ணு. அதத்தான் சொல்றேன்."

"பிரிட்டோ வந்திருக்கான்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"போன் பண்ணான். இப்பதான். தோ பாரு, அவன் நம்பரு."

"அது மட்டும் அவன் நம்பரா?"

"கொரலு... அவன் பேசனான்டி."

"அவன் பேசி நீ எத்தினி வாட்டி கேட்டிருக்க? நானே ரெண்டு வாட்டிதான் கேட்டிருக்கேன். அது பேசட்டும். டேனியலு பேசட்டும், வரேன்."

"அதுக்கு வாயக் கம்பி போட்டுக் கட்டியிருக்குதுடி. பேச முடியாது."

சுவேதா சிரித்தாள். சிரித்ததும் கன்னம் வலித்துக் கையால் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் சரியா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. கரும்புல எத்தினி பேரும்மா நிக்கறாங்க? கரும்புக்குள்ள போட்டா யாருக்கும் தெரியாது, இல்ல? ஓடிப்போயிட்டா, எவனோ பண்ணிட்டான்னு சொல்லிடலாம்."

"அடிப்பாவி, நான் பெத்தவடி!"

"அண்ணன் நேரா வந்து மூஞ்சில அடிச்சான். நீ பின்னால நின்னு கூப்ட்ட. அவன்கூட எனக்கு பயம் இல்லம்மா. ஒன்னப் பாத்தாதான் பயமா இருக்குது."

பின்பக்கம் கரும்போரத்தில் பைக் ஹாரன் ரெண்டு தரம் லேசாகக் கேட்டது. சுவேதா உடம்பை இழுத்துக்கொண்டு மூட்டைகளின் மேல் ஏறி மூலைக்குப் போனாள். அம்சவள்ளி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வருஷக்கணக்காக நாற்றுப் பறித்த கை அது. நினைத்தால் தூக்கிக்கொண்டே போயிருக்கலாம். சுவேதா ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "யாராவது வாங்களேன், கொல்லப் பாக்கறாங்க!" என்று கத்தினாள். அம்சவள்ளி அவள் வாயைப் பொத்தினாள். மகள் கடித்தாள். மூட்டை சரிந்தது. சரிந்த மூட்டை மேல் அவள் வயிறு மோதப் பார்த்ததும் அம்சவள்ளி கையை விட்டுவிட்டாள்.

"வாடி. ஒன் கால்ல வுழறேன். வெளிய வந்து நீயே எட்டிப் பாரு, பிரிட்டோவா இல்லியான்னு. நான் இங்கியே நிக்கறேன்."

"மாட்டேன்."

கதவு திறந்துதான் இருந்தது. அதற்கப்புறம் முற்றம், கொல்லைப் படல், வாய்க்கால், கரும்பு. சுவேதா ஒரு முறை அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். கம்பியை விடவில்லை.

அடுத்த வீட்டு வள்ளியம்மாள், "இன்னாடி சத்தம் அங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "சோறு தின்னமாட்டன்றா" என்று அம்சவள்ளி பதில் சொன்னாள். இடுப்பில் போன் அடித்தது. பிரிட்டோ. எடுத்தாள். "அத்த, வரப்புல ஆளு வருது. இதுக்கு மேல நிக்க முடியாது. சுவேதா வருதா இல்லியா?" அவள் போனைச் சுவேதாவிடம் நீட்டினாள். சுவேதா அதைத் தொடவில்லை. பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறமும் அம்சவள்ளி வெகுநேரம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் கார் திரும்பியது. கதவு திறந்திருப்பதை எழிலரசன் பார்த்தால் சாவி இன்றைக்கே கைவிட்டுப் போய்விடும். நாளை காலைக்குள் இன்னொரு தரம் முயன்று பார்க்க வழி இருக்காது. அம்சவள்ளி வெளியே வந்து கதவைச் சாத்தி அவசர அவசரமாகப் பூட்டைப் போட்டாள்.

"பாத்தியா" என்றாள் சுவேதா உள்ளே. அம்மாவிடம் சொன்ன மாதிரி இல்லை. வயிற்றில் இருந்ததிடம் சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலமும் மறுநாள் விடிகாலையும் அம்சவள்ளி கதவைத் திறந்து பார்த்தாள். ரெண்டு தரமும் சுவேதா ஜன்னல் கம்பியை விடவில்லை.

வியாழக்கிழமை காலையில் பொம்பளைத் துணை வேண்டுமென்று அம்சவள்ளியையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. சுவேதா அங்கே உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, முன்னால் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.